ஒரு சிப்பம் நெல்லும் 0.25 சதவீதமும்: செய்தித்தாளை வைத்துப் பேரியல் பொருளாதாரம் நடத்துவது எப்படி

[திரை: இரண்டு செய்திகள் அருகருகே. இடப்பக்கம் பணவீக்க வரைபடம். வலப்பக்கம் தார்ப்பாய் போர்த்திய நெற்குவியல்கள்.]

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்தும் ஆசிரியர்களுக்காக, குறிப்பாகத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டப் பள்ளிகளில் பணிபுரிவோருக்காக, இந்தக் காணொளி தயாரிக்கப்பட்டுள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் பேரியல் பொருளாதாரத்தை, அதாவது நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பற்றிய பாடத்தை, நாம் பெரும்பாலும் வரையறைகளிலிருந்தே தொடங்குகிறோம். பணவீக்கம், தேசிய வருமானம், பெருக்கி (செலவழித்த பணம் கைமாறிக் கைமாறி எத்தனை மடங்கு வருமானமாகிறது என்ற கணக்கு) ஆகியவற்றின் வரையறைகளை மாணவர் மனப்பாடம் செய்கிறார், எழுதுகிறார், மதிப்பெண்ணும் பெறுகிறார். ஆனால் அன்றைய நாளிதழைக் கையில் கொடுத்து, ‘இந்தச் செய்தியால் உங்கள் ஊரில் யாருக்கு என்ன ஆகும்?’ என்று கேட்டால் திகைத்துப் போகிறார். செய்தியிலிருந்து தொடங்கிப் பாடத்துக்குப் போவது இந்தத் திகைப்பைக் குறைக்கும். அதற்கு நாள்தோறும் பத்துச் செய்திகள் தேவையில்லை. ஒன்றோடு ஒன்று முரண்படுவது போலத் தோன்றும் இரண்டு செய்திகள் கிடைத்தால் ஒரு வாரப் பாடவேளைகளுக்குப் போதும்.

அப்படிப்பட்ட இரண்டு செய்திகள்தாம் இப்போது திரையில் உள்ளன. 2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று மத்திய புள்ளியியல் அமைச்சகம் நவம்பரில் அறிவித்தது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டெண் தொடரில் அதுவரை பதிவான மிகக் குறைந்த அளவு அதுதான். உணவுப் பொருள்களை மட்டும் தனியே எடுத்தால், விலை முந்தைய ஆண்டைவிட 5.02 சதவீதம் இறங்கியிருந்தது. அதே அக்டோபரில் டெல்டா மாவட்டச் செய்திகளில் வேறொரு காட்சி இருந்தது. குறுவை அறுவடை நடந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டதால், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன்னே கொட்டிவைத்த நெல் நனைந்து, பல இடங்களில் முளைத்தும் போனது. கொள்முதல் செய்யும் நெல்லுக்கான 17 சதவீத ஈரப்பத வரம்பை 22 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை தில்லிவரை சென்று, மத்தியக் குழுவினர் வந்து நெல் மாதிரி எடுத்துச் சென்றனர்.

விலை குறைந்தது நாட்டுக்கு நல்லது என்கிறது முதல் செய்தி. விளைவித்ததை விற்க முடியவில்லை என்கிறது இரண்டாவது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மாணவருக்குப் பேரியல் பொருளாதாரத்தின் அடிப்படை எளிதில் பிடிபடும்: ஒருவர் கொடுக்கும் விலைதான் மற்றொருவர் பெறும் வருமானம். இதைச் சொல்லிக்கொடுப்பதைவிட, மாணவர்களே கண்டுபிடிக்கும்படி கேள்விகளை வரிசைப்படுத்துவதே நம் வேலை.

[திரை: கரும்பலகை. 100 → 106.21 → 106.48]

முதல் கேள்வி மிக எளிமையானது. பணவீக்கம் 0.25 சதவீதம் என்றால் விலைவாசி குறைந்துவிட்டதா? வகுப்பில் பாதிப் பேராவது ‘ஆம்’ என்பார்கள். உடனே மறுக்காமல் கணக்குப் போடச் சொல்லுங்கள். 2023 அக்டோபரில் ஒரு குடும்பத்தின் மாதச் செலவை 100 ரூபாய் என்று கொள்வோம். 2024 அக்டோபரில் பணவீக்கம் 6.21 சதவீதம்; ஆகவே செலவு 106 ரூபாய் 21 காசு. அதன்மீது 0.25 சதவீதம் ஏறினால் 2025 அக்டோபரில் 106 ரூபாய் 48 காசு. ஏறிய விலை இறங்கவில்லை. மேலும் ஏறுவது மட்டும் ஏறத்தாழ நின்றிருக்கிறது. உணவுக்கும் இதே கணக்கைப் போடலாம். 2024 அக்டோபரில் உணவுப் பணவீக்கம் 10.87 சதவீதம். எனவே 100 ரூபாய் 110 ரூபாய் 87 காசாகி, மறு ஆண்டில் 5.02 சதவீதம் இறங்கி, ஏறக்குறைய 105 ரூபாய் 30 காசில் நிற்கிறது. உணவுப் பொருள்களின் விலை உண்மையாகவே குறைந்த ஆண்டிலும், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்த விலைக்கு நாம் திரும்பவில்லை. ‘விலை குறைந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருக்கிறான், கடையில் குறையவில்லையே’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதற்கான விடை இந்த நான்கு எண்களில் இருக்கிறது. அடிப்படை விளைவு, அதாவது ஒப்பிடும் ஆண்டின் விலை ஏற்கெனவே உயர்ந்திருந்தால் இந்த ஆண்டின் பணவீக்கம் குறைவாகத் தெரியும் என்ற கருத்தை இதைவிடத் தெளிவாக நடத்த வேறு எடுத்துக்காட்டு தேவைப்படாது.

அடுத்து, இந்த எண் யாருடைய செலவைக் காட்டுகிறது என்று கேட்க வேண்டும். 2012 தொடரில் உணவுக்கும் பானங்களுக்கும் தரப்பட்ட எடை, அதாவது மொத்தச் செலவில் அவற்றின் பங்கு, 45.86 சதவீதம்; 2026 பிப்ரவரியில் 2024-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொடர் வந்தபோது உணவின் எடை குறைக்கப்பட்டது. இவை நாடு முழுவதற்குமான சராசரிகள். மாணவர்கள் தம் வீட்டின் ஒரு மாதச் செலவை எழுதிவந்து தமக்கென ஒரு குறியீட்டெண் தயாரிக்கட்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் வழங்கப்படுவதால், பல வீடுகளில் அரிசிக்கான செலவு எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். எண்ணெய், பருப்பு, காய்கறி, பேருந்துக் கட்டணம், மருத்துவம், படிப்பு ஆகியவை கூடுதலாக இருக்கும். செலவுக் கணக்கை வகுப்பில் உரக்கப் படிக்க வைக்காதீர்கள். குடும்ப நிலை வெளிப்படுவதில் பிள்ளைகளுக்குக் கூச்சம் உண்டு. பெயர் எழுதாத தாளாக வாங்கிக்கொள்வது நல்லது.

[திரை: கொள்முதல் நிலையம். தூற்றும் இயந்திரம், தராசு, 40 கிலோ சிப்பங்கள்.]

இனி வருமானத்தின் பக்கம் வருவோம். இங்குதான் டெல்டா ஆசிரியருக்குச் சென்னை ஆசிரியருக்குக் கிடைக்காத வசதி இருக்கிறது: பேரியல் பொருளாதாரத்தின் பெரும்பகுதியை ஒரே ஒரு சிப்பம் நெல்லை வைத்து நடத்திவிடலாம். நடப்பிலுள்ள ஒரு கொள்முதல் நிலையத்தின் முன் அரை மணி நேரம் நின்றால், களத்தில் நெல்லைத் துழாவிக் காயவைப்பவர்கள், மாதிரியை ஈரப்பதமானியில் போட்டுப் பார்க்கும் பணியாளர், தூற்றிய நெல்லைச் சாக்கில் பிடித்து எடை போட்டுத் தைக்கும் சுமைதூக்கும் தொழிலாளர்கள், லாரி வராததால் அடுக்கிலேயே தேங்கிக் கிடக்கும் மூட்டைகள் என எல்லாவற்றையும் காணலாம். ஒரு சிப்பம் 40 கிலோ. 2025-26 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய். ஆக 2,500 ரூபாய். அப்படியானால் ஒரு சிப்பத்தின் விலை மிகச் சரியாக 1,000 ரூபாய். பாடம் நடத்துவதற்கென்றே யாரோ நிர்ணயித்தது போன்ற தொகை.

இந்த 1,000 ரூபாயில் 947 ரூபாய் 60 காசு ஆதரவு விலை, 52 ரூபாய் 40 காசு மாநிலத்தின் ஊக்கத்தொகை என்று பிரித்துக் காட்டினால், நிதிக்கொள்கைப் பாடம் தானாகத் தொடங்கிவிடும். ஆதரவு விலைக்கும் ரேஷன் விலைக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது உணவு மானியம். அதன் பெரும்பகுதி மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறுகிறது. ஊக்கத்தொகையும் விலையில்லா அரிசிக்கான செலவும் மாநிலத்தின் கணக்கில் வருகின்றன. வருவாய்ப் பற்றாக்குறை என்று செய்தியில் வரும்போது, அதற்குள் இந்த 52 ரூபாய் 40 காசும் அடங்கியிருப்பதை மாணவர் அறிவார். இந்திய உணவுக் கழகம் 1965-ல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம். தேசிய உணவுக் கொள்கை தம் ஊருக்கு அயலானது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை.

பெருக்கியையும் இதே 1,000 ரூபாயை வைத்தே நடத்துங்கள். பணம் விவசாயியின் வங்கிக் கணக்கில் ஏறியதும் எங்கெல்லாம் போகிறது? நடவாட்களின் கூலி, உரக்கடைப் பாக்கி, கூட்டுறவுச் சங்கக் கடன், அடகுவைத்த நகையை மீட்பது, தீபாவளித் துணி, மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ வாங்கும் வீட்டுச் சாமான். ஒவ்வொரு சுற்றிலும் 60 சதவீதம் உள்ளூரிலேயே செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், 1,000 ரூபாய் கடைசியில் 2,500 ரூபாய் வருமானத்தை உருவாக்கும். உள்ளூர்ச் செலவு 40 சதவீதமாகக் குறைந்தால் உருவாகும் வருமானம் ஏறத்தாழ 1,667 ரூபாய்தான். இங்கே நின்று, பணம் எந்த வழியாக வெளியே கசிகிறது என்று கேளுங்கள். கதிர் அறுக்கும் இயந்திரம் வெளிமாவட்டத்திலிருந்து வந்திருந்தால், மணிக்கணக்கில் கொடுத்த வாடகை அதனுடனேயே போய்விடுகிறது. 1,350 ரூபாய் டிஏபி உர மூட்டைக்குள் இறக்குமதி இருக்கிறது; டாலரின் விலை 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது என்ற செய்திக்கும் அந்த மூட்டைக்கான மானியச் சுமைக்கும் தொடர்பு உண்டு. நெல் ஒரு வாரம் களத்தில் கிடந்து பணம் தாமதமானால், கூலி, கடை, துணி என்று அத்தனை சுற்றும் தள்ளிப்போகும். நெல் நனைந்த செய்தி ஒரு விவசாயியின் துயரத்தோடு நின்றுவிடாமல் ஒரு நகரத்தின் வியாபாரச் செய்தியாக மாறுவது இப்படித்தான்.

[திரை: ரிசர்வ் வங்கி. 6.50 → 5.25]

பணக்கொள்கையைச் சுருக்கமாகவே பார்ப்போம். பாடநூலில் அது நன்றாகவே இருக்கிறது. பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இரு பக்கமும் 2 சதவீத இடைவெளியோடு நிறுத்துவது ரிசர்வ் வங்கியின் இலக்கு. ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு 2023 பிப்ரவரி முதல் ஈராண்டுகள் ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகிய காலக் கடனின் வட்டி) 6.50 சதவீதத்தில் வைத்திருந்து, 2025-ல் நான்கு முறை குறைத்து டிசம்பரில் 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. மாணவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் யாருடைய கடனுக்கு வட்டி குறைந்தது? ரெப்போவுடன் இணைக்கப்பட்ட வீட்டுக்கடன் வாங்கியவருக்குக் குறையும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி உரிய தேதிக்குள் கட்டுபவருக்கு ஏற்கெனவே வட்டி இல்லை; அதை அரசே ஏற்கிறது. நிலையான வட்டியில் குழுக்கடன் வாங்கிய அம்மாவுக்கு எந்த மாற்றமும் இல்லை. வட்டிக் குறைப்பு எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை என்பது இதற்குள்ளேயே விளங்கிவிடும்.

பணக்கொள்கைக்கு எட்டாத இடமும் உண்டு. அதற்கு மேட்டூரைக் காட்ட வேண்டும். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. 2024-ல் ஜூலை 28 அன்றுதான் திறக்க முடிந்தது. 2023-ல் ஜூன் 12 அன்றே திறந்தும், போதிய நீர் வந்து சேராமல் குறுவை பல இடங்களில் கருகியது. இப்படி அளிப்பு சுருங்கி விலை ஏறும்போது, ரெப்போ விகிதத்தை எவ்வளவு உயர்த்தினாலும் அணையின் நீர்மட்டம் ஓர் அங்குலம்கூட ஏறாது. 2023 ஜூலையில் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டபோது ரிசர்வ் வங்கி விகிதத்தை மாற்றாமல் இருந்தது. அந்த மாதம் 20-ஆம் தேதி மத்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஆகஸ்ட் இறுதியில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவினுடையது என்பதால், அந்த ஒரு முடிவு பிற நாட்டுச் சந்தைகளில் விலையை உயர்த்தியது. 2024 செப்டம்பரில் தடை விலகியது. வாங்குபவரைக் காக்க எடுத்த முடிவு விளைவிப்பவருக்கு என்ன செய்தது என்று விவாதிக்க விடுங்கள். இரு அணிகளாகப் பிரிப்பது எளிது. ஆனால் ஒரே பிள்ளையின் வீடு நெல்லை விற்று அரிசியை வாங்கும் வீடாகவும் இருக்கக்கூடும் என்பதால், என் அனுபவத்தில் அணி பிரிக்காத விவாதமே ஆழமாகப் போகிறது.

[திரை: 8.2 / 8.7]

கடைசியாக, மாணவர்கள் மிகவும் தடுமாறும் பகுதி: உண்மை வளர்ச்சியும் (விலை மாற்றத்தை நீக்கிக் கணக்கிடுவது) பணமதிப்பு வளர்ச்சியும் (நீக்காமல் கணக்கிடுவது). 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி நிலையான விலையில் 8.2 சதவீதமும் நடப்பு விலையில் 8.7 சதவீதமும் வளர்ந்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது. இடைவெளி அரை சதவீதம்தான், ஏனெனில் விலைகள் அசையவில்லை. உண்மை வளர்ச்சி உயர்வாக இருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் கடன் எழுதப்படுவதும், வரி வசூலாவதும், கூலி பேசப்படுவதும் ரூபாயில். ஒரு லட்சம் ரூபாய் கடன் வாங்கியவரின் விளைபொருளுக்கு விலை இறங்கினால் கடன் கூடவே இறங்காது. அதை அடைக்க முன்பைவிட அதிக மூட்டைகளை விற்க வேண்டியிருக்கும். நெல்லுக்கு ஆதரவு விலை இருப்பதால் அந்த வீழ்ச்சி ஓரளவு தடுக்கப்படுகிறது. உளுந்துக்கும் பச்சைப்பயறுக்கும் ஆதரவு விலை உண்டு; கொள்முதல் நெல்லைப் போல ஊர்தோறும் இல்லை. அரியலூர்ப் பக்கம் வெங்காயம் போட்டவருக்கு ஆதரவு விலையே கிடையாது.

பாடவேளைக்கான பயிற்சி இது. நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி வெளியாகும். அந்தச் செய்தியையும், அந்த வாரத்தின் டெல்டா செய்தி ஒன்றையும் மாணவர்கள் ஓர் ஏட்டில் வெட்டி ஒட்டட்டும். கீழே மூன்று வரிகள்: இதில் விலை கொடுப்பவர் யார், அந்த விலையால் வருமானம் பெறுபவர் யார், இந்த எண் எந்தக் காலத்தோடு ஒப்பிடப்பட்டது. சம்பா கொள்முதல், பிப்ரவரி 1 மத்திய பட்ஜெட், அதே மாதத்துப் பணக்கொள்கை அறிவிப்பு ஆகிய மூன்றும் பொதுத்தேர்வுக்கு முன்னதாகவே வந்துவிடுகின்றன. பங்குச் சந்தைப் புள்ளிகளை இந்த ஏட்டில் சேர்க்க வேண்டாம். அவை ஆர்வத்தைத் தூண்டும், ஆனால் மூன்று வரிகளுக்கும் விடை தராமல் நழுவிவிடும்.