பத்து சென்டும் ஒரு சாவியும்

வணக்கம். பாலக்காட்டுச் சித்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன் நான். அடுத்தவர் நிலத்தில் குடியிருப்பவர்களின் உரிமை பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் வீட்டிலேயே அதற்கு இரண்டு கதை இருக்கிறது.

அம்மாவும் சித்தியும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்தவர்கள். அம்மா வாழ்க்கைப்பட்டது ஒரு ஜன்மியின், அதாவது நிலச்சுவான்தாரின், நிலத்தில், அவர் கட்டிக் கொடுத்த பனையோலைக் குடிசையில். சித்தி 1968-இல் கல்யாணமாகி மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டுக்குப் போனார். ஓட்டுக் கூரை, சிமெண்ட் தரை, வாசலில் தண்ணீர்க் குழாய். சித்திக்குத்தான் நல்ல வாழ்வு என்று ஊரே சொன்னது.

அந்த நாளில் ஜன்மி போ என்றால் குடிசைக்காரர் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். 1957 ஏப்ரல் 5-இல் பதவியேற்ற கேரள அரசு, 11-ஆம் தேதியே வெளியேற்றத்துக்குத் தடை போட்டு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. ஆறே நாள்! அப்புறம் 1963-இன் நிலச் சீர்திருத்தச் சட்டம், 1969-இல் பெரிய திருத்தம், 1970 ஜனவரி 1 முதல் அமல். அதற்காக ஆலப்புழைப் பக்கம் குடிசைக்காரர்கள் தங்கள் குடிசையைச் சுற்றித் தாங்களே வேலி கட்டிப் போராடினார்கள்.

அந்தச் சட்டத்தில் குடிகிடப்புக்காரர் என்று ஒரு சொல் வரும். வேறு வீடோ, பத்து சென்டுக்கு மேல் நிலமோ இல்லாமல், அனுமதியோடு அடுத்தவர் நிலத்தில் குடிசையில் இருப்பவர். ஜன்மி கட்டிக் கொடுத்த குடிசையென்றால், கட்டும்போது ஆன செலவு 750 ரூபாயைத் தாண்டியிருக்கக் கூடாது, அல்லது மாத வாடகை 5 ரூபாய்க்கு மேல் போகாத குடிசையாக இருக்க வேண்டும். எங்கள் குடிசைக்கு அந்தக் கவலையே இல்லை. பஞ்சாயத்தில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து, பெரிய நகரத்தில் மூன்று என்று விலைக்கு வாங்கலாம். சந்தை விலையில் கால் பங்குதான், அதிலும் பாதியை அரசு ஏற்றது. நிலக்காரருக்கே வீடு கட்ட அந்த இடம் வேண்டுமென்றால், ஒரு மைலுக்குள் மாற்று இடமும் மாறும் செலவும் கொடுத்தாக வேண்டும்.

அம்மாவுக்குப் பட்டயம், அதாவது நில உரிமைப் பத்திரம், கிடைத்தது. மலையாளத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் எழுத்தே தடுமாற்றம். நான்தான் வாசித்துக் காட்டினேன், நாலைந்து தடவை.

சித்திக்கு ஒன்றும் இல்லை. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளி வீடு கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் அது வேலையோடு ஒட்டிய வீடு. 40 வருடம் கொழுந்து கிள்ளி, பென்ஷன் ஆன அன்று லயத்தை, அந்த வரிசை வீட்டை, காலி செய்யச் சொன்னார்கள். பணிக்கொடையை 30 நாளில் கொடுக்க வேண்டும் என்பது 1972 சட்டம் வைத்த கெடு. எஸ்டேட் ஆபீசில் சொன்னது வேறு: சாவியைக் கொடு, காசு வாங்கு. எட்டு மாதம் இழுத்தார்கள். மனுவை நான் எழுதினேன். கடைசியில் சித்தி சாவியைக் கொடுத்து, ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார். இன்று அம்மாவின் பத்து சென்டில் சாய்ப்பு இறக்கி இருக்கிறார்.

தென்னாப்பிரிக்காவில் 1997-இல் ஒரு சட்டம் வந்தது. அடுத்தவர் பண்ணையில் பத்து வருடம் குடியிருந்து 60 வயதானவரை, பெரிய குற்றம் ஏதும் செய்யாதவரை, வெளியேற்ற முடியாது. யாரை வெளியேற்றுவதென்றாலும் கோர்ட் உத்தரவு வேண்டும். அங்கேயும் சட்டத்தை மீறித் துரத்துவது நடக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். எந்த வயதில் அங்கே வீடு உறுதியாகிறதோ, ஏறக்குறைய அதே வயதில் இங்கே லயத்து வீடு பறிபோகிறது. நம் லயங்களுக்கும் இருந்த வருடத்தைக் கணக்கில் எடுக்கிற ஒரு சட்டம் வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அந்தத் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, பண்ணையில் புதைத்த சொந்தங்களின் கல்லறையைப் போய்ப் பார்க்கவும் பராமரிக்கவும் குடும்பத்துக்கு உரிமை உண்டு. இதைச் சொன்னதும் சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய மூத்த பிள்ளை எஸ்டேட் மண்ணில்தான் இருக்கிறான், ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கீழே. போன சித்திரையில் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டில் நோட்டுப் புத்தகத்தை நீட்டி, வந்த காரணம் எழுதச் சொன்னார்கள். சித்திக்காக நான் எழுதினேன்.