நடுவில் நிற்கும் மூச்சு

வணக்கம், நேயர்களே.

"கர்த்தரைத் துதியுங்கள், அவர் நல்லவர், அவர் கிருபை என்றுமுள்ளது." விவிலியத்தில் 118ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் இது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'நல்லவர்' என்றதும் மூச்சு ஒரு கணம் நிற்கும். எபிரேய மூலத்திலும் அதே இடத்தில் 'எத்னஹ்தா' என்றொரு குறி இருக்கிறது: பாதி முடிந்தது, நில். லத்தீன் சங்கீதப் புத்தகத்தில் அங்கே ஒரு நட்சத்திரக் குறி. யூதர் ஜெபக்கூடத்திலும் கிறிஸ்தவ மடாலயத்திலும் நூற்றாண்டுகளாக அங்கேதான் நிறுத்துகிறார்கள். அந்த நிறுத்தத்தைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

மடாலயத்தில் சங்கீதத்தை எப்படிப் பாடுகிறார்கள்? இரண்டு மூன்று சுரங்களில் ஏறி, ஒரே சுரத்தில் நின்று சொற்களை ஓதுவார்கள். பாதியில் ஒரு சிறு வளைவு, நிறுத்தம். மறுபாதியும் அதே சுரத்தில் ஓடி, கடைசியில் இறங்கி முடியும். தொடக்க ஏற்றம் பொதுவாக முதல் வசனத்துக்கு மட்டும்தான். வசனம் நீண்டால் ஓதும் சுரத்தில் சொற்கள் கூடும், மெட்டு மாறாது. அதனால்தான் 150 சங்கீதங்களுக்கும் முக்கியமான எட்டே மெட்டுகள் ஏறக்குறைய போதுகின்றன.

கேட்க எளிது, பாடக் கடினம். பாடுவோர் இரண்டு வரிசையாக நின்று வசனம் மாற்றி வசனம் பாடுவார்கள். நட்சத்திரக் குறியில் நன்றாக மூச்சு வாங்க வேண்டும். வசனம் முடிந்ததும் எதிர்வரிசை இடைவெளி விடாமல் எடுக்க வேண்டும். புதிய குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்யும்: நடுவில் ஓடிவிட்டு, முடிவில் நிற்கும். மூச்சு போதாது, சுருதி இறங்கும், சில வசனங்களுக்குள் அரைச் சுரம் போய்விடும். திரும்பவும் சொல்கிறேன், நடுவில் நில்லுங்கள், முடிவில் நிற்காதீர்கள்.

யூதர்களின் தோரா சுருளில், அதாவது மோசேயின் ஐந்து நூல்களை எழுதிய சுருளில், எத்னஹ்தா போன்ற இந்தக் குறிகளே கிடையாது, உயிர்க்குறிகளும் இல்லை. வாசிப்பவர் குறியிட்ட புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும். பிசகினால் பக்கத்தில் நிற்பவர் திருத்துவார். ஏமனிலும் அலெப்போவிலும் போலந்திலும் குறிகள் ஒன்றே, அவற்றைப் பாடும் மெட்டுகள் வேறு வேறு.

குர்ஆன் ஓதுவோர் அதை இசை என்று சொல்வதில்லை. அந்த வரம்பை மதித்தே பேசுகிறேன். ஆனால் நிறுத்தும் விதி அங்கே இன்னும் கறாரானது. 4ஆம் அத்தியாயத்தின் 43ஆம் வசனத்தில், அரபுச் சொல் வரிசைப்படி 'தொழுகையை நெருங்காதீர்கள்' என்பது முன்னால் வரும், 'நீங்கள் போதையில் இருக்கும்போது' என்பது பின்னால் வரும். இடையில் நிறுத்தினால் பொருள் கவிழ்ந்துவிடும். மூச்சு முட்டி நிறுத்த நேர்ந்தால், பொருள் சேரும் சொல்லுக்குப் பின்னோக்கிப் போய் மறுபடி எடுக்க வேண்டும். நீட்டலுக்கும் கணக்கு உண்டு: இயல்பான நீட்டல் 2 அளவு, கட்டாய நீட்டல் 6. பிள்ளைகள் விரல் மடக்கி எண்ணிப் பழகுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இனி, எனக்கு மிகப் பிடித்த ஒரு மனிதர். தென்இத்தாலியில் ஒப்பிதோ என்ற ஊரில் நார்மன் பிரபு வீட்டில் பிறந்த ஜொஹான்னெஸ். 1102இல் யூத மதத்துக்கு மாறி ஒபதியா ஆனார். பாக்தாத் போனார். அங்கே அனாதைச் சிறுவர்களோடு உட்கார்ந்து எபிரேயம் படித்தார், வளர்ந்த ஆண்பிள்ளை! பிறகு அலெப்போ, டமாஸ்கஸ் வழியாக எகிப்து. முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஃபுஸ்தாத்தில், பழைய கெய்ரோவில், தங்கினார். அந்த ஊர் ஜெபக்கூடத்தில் பழைய தாள்களை எறியாமல் போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. அதிலிருந்து வந்த தாள்களில், மோசேயைப் புகழும் ஓர் எபிரேயப் பாட்டு, சொற்களுக்கு மேல் சுரக்குறிகளோடு! அவை தென்இத்தாலித் தேவாலயங்களின் குறிகள். எபிரேயத்துக்காக அவற்றை வலமிருந்து இடமாக எழுதியிருக்கிறார். எழுதியவர் ஒபதியா என்பது 1960களில் கையெழுத்தை ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. சுரக்குறியோடு கிடைத்த மிகப் பழைய யூத இசை இதுதான்! மெட்டு கிழக்கில் கேட்டதா, இத்தாலியிலிருந்து கொண்டுபோனதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எப்படியானாலும், அதை எழுதிவைக்க ஒரு தேவாலயப் பயிற்சி வேண்டியிருந்தது.

நேரம் ஆகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். அலெப்போ யூதர்கள் குளிர்கால வெள்ளி இரவுகளில் விடியும்வரை பாடும் 'பக்கஷோத்' பாட்டுகளை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாரந்தோறும் வாசிக்கும் தோராப் பகுதிக்கேற்ப ஓர் அரபு மகாமை, நம் ராகம் போன்ற ஒன்றை, தேர்கிறார்கள். ஆபிரகாமின் மனைவி சாராளின் மரணம் வரும் வாரத்துக்கு ஹிஜாஸ் என்ற மகாம். பாங்கு சொல்வதிலும் ஹிஜாஸ் உண்டு. பைசாந்தியத் தேவாலயத்தின் எட்டு முறைகளில் ஆறாவதும் அந்தச் சாயலே. கர்நாடக இசை கேட்டவர்கள் அதன் கீழ்ப்பாதியைப் பிடித்துவிடலாம். மாயாமாளவகௌளையின் ச ரி க ம, ஏறத்தாழ அதேதான். நன்றி, வணக்கம்.