ஒரே மடிநோய், ஆளுக்கொரு கிருமி

வணக்கம் மக்களே, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் கத்துவது நம்ம செவலைதான். தவிடு வைத்தால் அடங்கிவிடுவாள், கண்டுக்காதீங்க.

போன ஐப்பசி அடைமழையில் இவளுக்கு மடிநோய் வந்தது. ஒரு பக்க மடி கல் மாதிரி, பால் திரிதிரியாக. "எங்க மாட்டுக்கு இந்த ஊசிதான் கேட்டுச்சு" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். நானும் அதையே போடச் சொன்னேன். மூன்று நாளாகியும் வீக்கம் வடியவில்லை. அப்புறம்தான் பாலைச் சோதனைக்குக் கொடுத்தேன். இவளுக்கு வந்தது ஈ.கோலை என்கிற கிருமி. அண்ணன் மாட்டுக்கு ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸாம்.

நெல் என்று ஒரே பேர்தான் சொல்கிறோம். ஆனால் வெள்ளத்தில் நிற்கிற ரகம் வேறு, சாய்கிற ரகம் வேறு இல்லையா? கிருமியும் அப்படித்தான். ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற ஒரு பேருக்குள்ளேயே பல வம்சங்கள் இருக்கின்றன. ஆய்வகத்தில் அதன் 7 ஜீன்களைப் படித்து வம்சத்துக்கு எண் போடுகிறார்கள். 97 என்கிற வம்சம் பல நாடுகளில் மாட்டு மடியில் குடியிருக்கிறது. அதன் சில கிளைகள் மனிதர்களிடமும் தாவியிருக்கின்றன. கறக்கிற நமக்கு இது சும்மா தகவல் இல்லை!

எனக்கு இதில் பிடித்தது துப்பறியும் வேலைதான். கொட்டிலில் நாலு மாட்டுக்கும் ஒரே வம்ச ஸ்டெபைலோகாக்கஸ் என்றால், பெரும்பாலும் கறப்பவர் கையும் மடி துடைக்கிற துணியும்தான் அதைப் பரப்பியிருக்கும். ஈ.கோலை மாட்டுக்கு மாடு வேறு வேறு வம்சமாக இருந்தால், சாணியையும் ஈரத்தரையையும் பாருங்கள். என் கொட்டிலில் அந்த மழையில் தரை காயவே இல்லை.

அடைப்பான் கதை நேரெதிர். அதாங்க, ஆந்த்ராக்ஸ். அந்தக் கிருமி விதை மாதிரி மண்ணுக்குள் வருஷக்கணக்கில் உறங்கும். உறங்கும்போது பெருகாது, பெருகாவிட்டால் மாறவும் மாறாது. அதனால் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே அச்சு. 1930-களில் தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் கண்டுபிடித்த தடுப்பூசி ரகத்தைத்தான் இன்றைக்கும் மாடுகளுக்குப் போடுகிறார்கள். மடிநோய்க்கு அப்படி எல்லாக் கிருமிக்கும் பொதுவான ஊசி கிடையாது.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50, சுண்ணாம்பு 15 அரைத்துப் பூசலாமா என்று கேட்பீங்க. நானும் பூசினேன், ஆனால் சோதனைக்குப் பால் எடுத்த பிறகு. பால் எடுப்பதும் ஊசிக்கு முன்னால் இருக்கணும். நான் அங்கேதான் கோட்டை விட்டேன். காம்பு நுனியை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் சில பீச்சைத் தனியாக விட்டுவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, ஐஸ் வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்போது நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியில்தான் கறக்கிறேன். கறந்ததும் தீவனம் வைத்துவிடுவேன். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும், அதுவரை படுக்காமல் நின்று தின்னட்டும். சரி, தவிடு தீர்ந்துவிட்டது, மறுபடி கத்த ஆரம்பித்துவிட்டாள்.