எல்எக்ஸ் 570: 2014 வாங்கினால் என்ன, 2018 வாங்கினால் என்ன?

சலாம், வணக்கம். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, எங்கள் மாமா லெக்சஸ் எல்எக்ஸ் 570 ஒன்று வாங்கப் பார்க்கிறார். 2014 ஒன்றும் 2018 ஒன்றும் விலைக்கு வந்திருக்கிறது. 2018 புதிது என்பதால் லீற்றருக்குக் கூட ஓடுமா? இல்லாவிட்டால் இன்னும் காசு சேர்த்து எல்எக்ஸ் 600-க்கே போகலாமா?"

முதல் பாதிக்கு நேராகவே பதில் சொல்கிறேன் தம்பி. ஓடும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. இந்த மாதிரிப் பெரிய வாகனங்களில் வருஷத்தைப் பார்த்து எண்ணெய்ச் செலவைக் கணக்குப் போடக் கூடாது. பொனட்டுக்குக் கீழே எந்த வருஷம் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும்.

எல்எக்ஸ் 570, 2008 மொடலாக வந்தது. 5.7 லீற்றர் வி8, டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின். 2021 வரைக்கும் அதே எஞ்சின்தான். இடையில் முன்பக்க கிறில் மாறியது, லைற் மாறியது, உள்ளே ஸ்கிரீன் பெரிதானது. எண்ணெய்க்குச் சம்பந்தப்பட்ட ஒரே பெரிய மாற்றம் 2016-இல் வந்தது: ஆறு கியர் ஒட்டோ எட்டு கியர் ஆனது. அமெரிக்க அரசு போடும் கணக்கில், டவுன் ஓட்டமும் தூர ஓட்டமும் சேர்த்து, 2014-க்கு கலனுக்கு 14 மைல், 2018-க்கு 15 மைல். நம்முடைய கணக்கில் லீற்றருக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர், 6.4 கிலோமீற்றர். நான்கு வருஷப் புதுமைக்குக் கிடைப்பது அரைக் கிலோமீற்றருக்கும் குறைவு. கடைசி 2021 மொடல் திரும்பவும் 14-க்கே வந்துவிட்டது. இரண்டரை தொன்னைத் தாண்டிய வாகனம், அதற்குள் ஒரு பெரிய வி8. கியரை மட்டும் கூட்டி அதை அடக்க முடியாது.

இன்னொரு விஷயம். இணையத்தில் பார்க்கும் மைல் கணக்கெல்லாம் ஒன்றல்ல. அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர். பிரித்தானியக் கலன், அதாவது நம் பெரியவர்களுக்குப் பழக்கமான கலன், 4.546 லீற்றர். லண்டனிலிருந்து ஒருவர் வீடியோ போட்டு 18 மைல் என்பார், அமெரிக்காக்காரர் 15 என்பார். இரண்டும் அதே ஓட்டம்தான். அமெரிக்காவும் 2008 மொடலிலிருந்து கணக்குப் போடும் முறையையே மாற்றியது. கூடிய வேகம், ஏசி போட்ட ஓட்டம், குளிர் எல்லாம் சேர்ந்ததால் எண் குறைந்தது. பழைய எல்எக்ஸ் 470-இன் விளம்பரத் தாளில் உள்ள எண்ணை 570-இன் எண்ணோடு வைத்துப் பார்த்துவிட்டு, பழையது எவ்வளவு நல்லது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து அப்படிப் பார்க்காதீர்கள். ஜப்பான் எண்களுக்கும் இதே கதை. ஜேசி08 என்பது பழைய சோதனை முறை, டபிள்யூஎல்டிசி என்பது புதியது. ஒன்றில் போட்ட எண்ணையும் மற்றதில் போட்ட எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

சரி, எல்எக்ஸ் 600. உண்மையான மாற்றம் இங்கேதான் வருகிறது. வி8-ஐ எடுத்துவிட்டு இரண்டு டர்போ வைத்த 3.4 லீற்றர் வி6 போட்டார்கள். பத்து கியர். அடித்தளத்தையே புதிதாகச் செய்து 200 கிலோ அளவுக்குப் பாரம் குறைத்தார்கள். அதே அமெரிக்கக் கணக்கில் 19 மைல், லீற்றருக்கு 8 கிலோமீற்றர். 100 கிலோமீற்றருக்கு 570 கிட்டத்தட்ட 17 லீற்றர் குடித்த இடத்தில் 600 பன்னிரண்டரை லீற்றர் குடிக்கிறது. பலமும் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. இதற்குப் பிறகு எல்எக்ஸ் 700எச் என்று ஹைபிரிட் வந்தது. ஹைபிரிட் என்றதும் அக்வா, பிரியஸ் போல இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அதற்கு 20 மைல்தான். அங்கே மோட்டாரை வைத்தது இழுவைக்கு, சேமிப்புக்கு அல்ல.

இனி நம்முடைய வீதிக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை நல்ல கார்ப்பெற் றோட், மேடு பள்ளம் இல்லை. ஆனால் ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று ஊர் விட்டால் ஊர். மஞ்சள் கோடு, முச்சக்கரவண்டி, பள்ளிக்கூடம் விடும் நேரம். ஒவ்வொரு தடவை பிரேக் பிடிக்கும்போதும் அவ்வளவு பாரத்துக்கும் ஏற்றிய வேகம் சூடாகப் போய்விடுகிறது. திரும்ப எடுக்க எண்ணெய் வேண்டும். அதனால் இந்த ஓட்டத்துக்கு டவுன் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்: 570-க்கு 12, 13 மைல், லீற்றருக்கு ஐந்து சொச்சம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஏசியும் ஓய்வில்லாமல் ஓடும். வெலிக்கந்தை தாண்டிப் பொலன்னறுவைப் பக்கம் போனால் வேறு கதை. ஒரே சீராக எழுபதில் போனால் அதே வாகனம் ஏழு கிலோமீற்றரும் தரும்.

மாமா வாங்கிய பிறகு டாஷ்போர்டில் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள், அது கொஞ்சம் நல்லதாகவே காட்டும். பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, கிலோமீற்றரை எழுதி வைத்து, ஓடி, அதே பெற்றோல் செட்டில் அதே பம்பில் திரும்பவும் தானாக நிற்கும் வரை அடித்துப் பார்க்க வேண்டும். சில வாகனங்களில் இரண்டாவது டாங்கும் இருக்கும். அதுவும் நிறைந்ததா என்று பார்க்காவிட்டால் கணக்குத் தலைகீழாகிவிடும். பெற்றோல் 95 அடிக்க வேண்டும். 92 அடித்தால் எஞ்சின் தட்டாமல் இருக்கத் தீப்பொறி போடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும், ஓட்டமும் குறையும். டர்போ உள்ள 600-இல் இது இன்னும் கூடத் தெரியும்.

600-க்குப் போகலாமா என்பதற்கு ஒரு கணக்கு. டவுனும் தூரமும் சேர்த்த எண்ணை எடுத்தால், வருஷத்துக்கு 15,000 கிலோமீற்றர் ஓட 570-க்கு 2,500 லீற்றர், 600-க்கு 1,875 லீற்றர். மிச்சம் 625 லீற்றர். இரண்டு வாகனங்களின் விலை வித்தியாசமோ கோடியில் நிற்கிறது. எண்ணெயில் மிச்சம் பிடித்து அந்தக் காசை எடுக்கவே முடியாது. பிடித்திருந்தால் வாங்குங்கள், எண்ணெயைக் காரணமாகச் சொல்லி வாங்காதீர்கள்.

2014, 2018 இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்க இந்த அரைக் கிலோமீற்றரை விட்டுவிடுங்கள். பெரும்பாலான 570-களில் வாகனத்தை உயர்த்தி இறக்கும் ஹைட்ரோலிக் சஸ்பென்ஷன் இருக்கிறது. அது பழுதானால் வரும் செலவு பல மாதப் பெற்றோல் காசு. வாங்க முதல் வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, உயர்த்தி, இறக்கி, நான்கு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். இரவு முழுக்க நிறுத்தி வைத்தால் ஒரு பக்கம் தாழ்ந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். பழைய சர்விஸ் பில்களையும் கேட்டு வாங்குங்கள். இவை 2014-இல் நன்றாக இருந்து 2018-இல் சரியில்லை என்றால், நான் 2014-ஐத்தான் எடுக்கச் சொல்வேன்.