தோட்டப் பாதையில் யார் யாருக்கு வழி விட வேண்டும்?

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது கடல். கீழே கரையோரமாக ரயில் போகும்போது சற்றுப் பேச்சை நிறுத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக ஆற்றையும் காட்டையும் காட்டுகிறவள், இன்றைக்கு ஒரு பலகையையும் மகனுடைய விளையாட்டு ஜீப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் போயா என்ற பௌர்ணமி விடுமுறையோடு சனி ஞாயிறும் சேர்ந்து வருகிறது. கொழும்பிலிருந்து ஜீப்புகளும் மோட்டார் சைக்கிள்களும் அவிசாவளைப் பக்கமும் கித்துல்கலைப் பக்கமும் கிளம்பிவிடும். முதல் தடவையாகத் தார் வீதியை விட்டு இறங்குகிறவர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் கிளம்புவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹைலெவல் வீதியில் கொழும்பிலிருந்து போய், அவிசாவளையைத் தாண்டி ஓர் இறப்பர் தோட்டத்துக்குள் திரும்பினோம். மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிவாக்கில் இறங்கிக்கொண்டிருந்தேன். முதல் நாள் மழை. ஒரு வளைவில் திரும்பினால், எதிரே ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வருகிறார். சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன்கள். நான் வேகமாக வரவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. அவர் ஒதுங்குவார் என்று நினைத்தேன். அவரும் ஒதுங்கினார். ஒதுங்கிய இடத்தில் மழைத் தண்ணீர் ஓடும் கான் இருந்தது. பின் சக்கரம் கானுக்குள் இறங்க, சைக்கிள் சாய்ந்து, ஒரு கேனின் மூடி கழன்றுவிட்டது.

இறப்பர் பால் சிவப்பு மண்ணில் ஓடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா தெரியாது. தண்ணீரைப் போல உடனே மண்ணுக்குள் இறங்காது. கெட்டியாக, வெள்ளையாக, டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கியது. என் ஜீப்பின் முன் சக்கரத்தைத் தொட்டு நின்றது. நான் இறங்கி ஓடினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கேனை நிமிர்த்தி, உள்ளே எட்டிப் பார்த்து, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஆட்டிப் பார்த்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "பரவாயில்லை மகள், நீங்கள் போங்கள்" என்றார். காசு கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

அந்தப் பாலுக்காக அவர் விடியும் முன்னே எழுந்திருப்பார். குளிர்ச்சியான நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். ஒவ்வொரு மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டை வைத்து, பால் வடிந்து நின்ற பிறகு திரும்பவும் மரம் மரமாகப் போய் வாளியில் சேர்க்க வேண்டும். மழை பெய்தால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. அப்படிச் சேர்த்ததை நிறுவைக்குக் கொண்டுபோகிற நேரமும், காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாம் மலையிலிருந்து இறங்குகிற நேரமும் ஒன்றுதான். இதை அன்றைக்கு வரை நான் யோசித்ததே இல்லை.

(ரயில் போகட்டும்.)

சரி. அந்த இடத்தில் வழி யாருக்கு உரியது? மூன்று காரணங்களாலும் அவருக்குத்தான். அவர் நடந்து வந்தார், நான் வண்டியில் வந்தேன். அவர் ஏறிக்கொண்டிருந்தார், நான் இறங்கிக்கொண்டிருந்தேன். அவர் வேலையில் இருந்தார், நான் விடுமுறையில் இருந்தேன். வெளிநாட்டுப் புத்தகங்களில் முதல் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரே பாதையை நடப்பவர், குதிரையில் வருபவர், மலைச் சைக்கிள்காரர், மோட்டார் சைக்கிள், ஜீப் என்று எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் இடங்கள் நிறைய. அங்கே வழக்கம் தெளிவானது. இயந்திரம் உள்ளவர் இல்லாதவருக்கு வழி விடுவார். சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழி விடுவார். குதிரைக்கு எல்லோரும் விடுவார்கள், ஏனென்றால் மிரண்ட குதிரையை யாராலும் நிறுத்த முடியாது. குதிரையைக் கண்டால் எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, குதிரையில் இருப்பவரோடு வாய்விட்டுப் பேசச் சொல்கிறார்கள். ஹெல்மெட்டுக்குள் இருப்பது மனிதர் என்று குதிரைக்குத் தெரியாதாம், குரல் கேட்டால்தான் அடங்கும். 1985இல் அமெரிக்க வனத்துறை தொடங்கிய 'ட்ரெட் லைட்லி' என்ற இயக்கம் இப்படிப்பட்ட பழக்கங்களைத்தான் வண்டிக்காரர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது.

நமக்கு நுவரெலியாவுக்கு வெளியே குதிரை அபூர்வம். அந்த இடத்தில் மாட்டை வைத்துக்கொள்ளுங்கள். மந்தை வந்தால் எஞ்சினை அணையுங்கள், மேய்ப்பவர் கையைக் காட்டும் வரை அசையாதீர்கள். வறண்ட பக்கத்துக் காட்டுப் பாதையில் யானை நின்றால் வழி முழுவதும் அதனுடையது. ஹோர்ன் வேண்டாம், லைட் வேண்டாம், மெதுவாகப் பின்னால் எடுத்துவிடுங்கள்.

இப்போது பலகைக்கு வருகிறேன். இதன் ஒரு முனையை இரண்டு செங்கல் மேல் வைத்திருக்கிறேன். ஜீப் மூக்கை மேலே நீட்டிக்கொண்டு ஏறுகிறது. எடை எங்கே போகிறது பாருங்கள். பின் சக்கரங்களுக்கு. இந்த நிலையில் ஏறுகிறவரை நிறுத்தி, "நீங்கள் பின்னால் எடுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்? வண்டியைத் திருப்புகிறவை முன் சக்கரங்கள். பிரேக்கின் பெரும்பகுதி வேலையைச் செய்கிறவையும் அவைதான். அந்தச் சக்கரங்களோ இப்போது மண்ணைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஈர மண்ணில் அவை பூட்டிக்கொண்டால், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி சரிவு இழுக்கிற பக்கம்தான் போகும். இதோ, விரலால் லேசாகத் தள்ளுகிறேன். பார்த்தீர்களா, குறுக்காகத் திரும்பிவிட்டது. உண்மையான மலையில் குறுக்காகத் திரும்பிய வண்டி உருண்டுவிடும்.

இறங்குகிற ஜீப்பை வைக்கிறேன். மூக்கு கீழே. எடை முன் சக்கரங்களில். லோ கியரில் ரிவர்ஸ் போட்டால், மண்ணை நன்றாகப் பிடித்த முன் சக்கரங்கள் திருப்பிய பக்கம் திரும்பும். மெதுவாக மேலே ஏறி ஓர் அகலமான இடத்தில் ஒதுங்கலாம். பின்னெடுப்பது இறங்குகிறவருக்கு எளிது, ஏறுகிறவருக்கு ஆபத்து. இந்த விதி வந்தது இதனால்தான். கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 21661ஆம் பிரிவு, ஒடுங்கிய மலைப்பாதையில் இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும், தேவைப்பட்டால் பின்னால் எடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. பிரித்தானிய வீதி விதித் தொகுப்பின் 155ஆம் விதியும் ஒற்றைத் தட வீதிகளில் ஏறி வருகிறவருக்கு முடிந்தவரை வழி விடச் சொல்கிறது.

மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவருக்கு இது இன்னும் கடினம். நடுச்சரிவில் நிறுத்தினால் முன் பிரேக் பிடிக்காது, ஒரு கால் தரையில் நிற்காது, வண்டி பின்னால் சறுக்கும். சைக்கிள்காரர் நின்றுவிட்டால் திரும்பவும் மிதித்து ஏற முடியாமல் உச்சி வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஆனால் எந்த விதியையும் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளாதீர்கள். தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு டிராக்டர் இறங்கி வந்தால், நீங்கள் ஏறிக்கொண்டிருந்தாலும் நீங்கள்தான் இடம் பார்க்க வேண்டும். டிரெய்லரைப் பின்னால் தள்ளினால் அது கத்தரிக்கோல் போல மடங்கிக்கொள்ளும். சுமை ஏற்றிய லேண்ட்மாஸ்டர் என்ற கை டிராக்டருக்கும் அப்படித்தான். ஒதுங்கும் இடம் உங்களுக்குப் பத்தடி பின்னாலும் எதிரே வருபவருக்கு நூறடி பின்னாலும் இருந்தால், யார் ஏறினார் யார் இறங்கினார் என்ற கணக்கு எதற்கு? இறங்குங்கள், நடந்துபோய்ப் பேசுங்கள். "அண்ணா, எனக்குப் பின்னால் இடம் இருக்கிறது, நான் எடுக்கிறேன்" என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

ஒதுங்கும்போது முடிந்தவரை மலைப் பக்கமாக ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்க ஓரம் மழைக்குப் பிறகு பார்க்க உறுதியாக இருக்கும், சக்கரம் ஏறினால் அப்படியே சரிந்துவிடும். தேயிலைச் செடியின் மேல் ஏற்றாதீர்கள். கானை மண்ணால் மூடாதீர்கள். கான் அடைபட்டால் அடுத்த மழைத் தண்ணீர் பாதையின் நடுவால் ஓடி அதை அரித்துவிடும். அதைத் திரும்ப வெட்டுகிறவர் தோட்டத்துத் தொழிலாளிதான்.

அடுத்தது சைகை. கொழும்பில் எதிரே வருபவர் லைட் அடித்தால், "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். காலி நகருக்குப் போகும் வீதியில் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். லண்டனிலிருந்து வரும் என் சித்தப்பாவோ அதை "நீங்கள் முதலில் போங்கள்" என்று எடுத்துக்கொள்வார், அங்கே பலருக்கும் அப்படித்தான் பழக்கம். ஒரே சைகைக்கு இரண்டு நேரெதிரான பொருள். ஒரு பக்கம் பள்ளம் இருக்கிற பாதையில் இது விபரீதம். அதனால் மலையில் லைட்டால் பேசாதீர்கள். வண்டியை நிறுத்தி, கையை வெளியே நீட்டி, "வாருங்கள்" என்று காட்டுங்கள். கூரையில் பூட்டியிருக்கும் பெரிய லைட்டை யாராவது எதிரே வந்தால் உடனே அணையுங்கள். இருட்டில் அது முகத்தில் அடித்தால் பள்ளம் எந்தப் பக்கம் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். கண் மறைக்கும் வளைவுக்கு முன் ஒரு சின்ன ஹோர்ன், பிறகு கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்துக் கேளுங்கள்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒன்று. முதல் வண்டியைக் கண்டு ஒருவர் ஒதுங்குவார். அது போனதும் முடிந்தது என்று நினைத்துப் பாதைக்கு வருவார், இரண்டாவது வண்டி வளைவில் திரும்பும். வெளிநாடுகளில் இதற்கு விரல் கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பின்னால் மூன்று வண்டி என்றால் மூன்று விரல். அடுத்தவர் இரண்டு. கடைசியில் வருகிறவர் மூடிய கைமுட்டி, எனக்குப் பின் யாரும் இல்லை என்று. நம் தோட்டங்களில் இந்தச் சைகை எல்லோருக்கும் தெரிந்திருக்காது, அதனால் விரலோடு வாயாலும் சொல்லுங்கள். "ஐயா, இன்னும் மூன்று வருகிறது." நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். சிங்களத்திலும் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் இரண்டு மொழிக்காரரும் வேலை செய்கிறார்கள்.

நடப்பவரைக் கடக்கும்போது நடக்கிற வேகம்தான் உங்கள் வேகம். சேறு கிடந்தால் அதைவிடக் குறைவு. ஈரப் புல்லில் ஒதுங்கி நிற்கிறவர் காலில் ஒவ்வொரு நிமிடமும் அட்டை ஏறும். அவரை ஒதுங்க வைப்பதைவிட நீங்கள் நின்று அவரைப் போக விடுவதுதான் நல்லது. முதுகில் கொழுந்தைச் சுமந்துகொண்டு அதை நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் அக்காமார் ஜீப்பைக் கண்டால் தாங்களாகவே செடிக்குள் ஒதுங்கிவிடுவார்கள். அது அவர்களுடைய பழக்கம். பெரிய வண்டியில் வருகிறவர் யாராக இருந்தாலும் ஒதுங்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்டுவிட்டார்கள். அந்தப் பழக்கத்தைச் சாதகமாக எடுத்துக்கொண்டு நாம் ஓட்டிப் போவது எனக்குத் தாங்க முடியாத விஷயம். முன்கூட்டியே நின்று, எஞ்சினை அணைத்து, "நீங்கள் போங்கள் அக்கா" என்று சொல்லுங்கள். முதலில் நம்ப மாட்டார்கள். இரண்டாம் தரம் சொல்லுங்கள்.

1876இல் இறப்பர் கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்து கம்பஹாவில் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அதன் பிறகு பரவிய தோட்டங்களுக்குள் நாம் இன்றைக்கு ஓட்டும் பாதைகள் பால் கொண்டுபோக வெட்டப்பட்டவை. வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் எதிரே வருகிறார்கள்.

அந்தப் பெரியவரை இரண்டு மாதம் கழித்துத் தேடிப் போனேன். நிறுவை நடக்கும் இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். என்னை அடையாளம் தெரியவில்லை, ஜீப்பைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். அன்றைக்கு எவ்வளவு குறைந்தது என்று கேட்டேன். சொல்லவில்லை. தேநீர் ஊற்றித் தந்தார். கிளம்பும்போது மட்டும், "மகள், பதினொரு மணிக்குப் பிறகு வந்தால் பாதையில் எங்கள் ஆட்கள் இருக்க மாட்டார்கள்" என்றார்.

அதனால் வரும் சனிக்கிழமை நாங்கள் ஏழு வண்டியும் தோட்டத்து வாசலுக்கு வெளியே, கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கப் போகிறோம். பதினொன்றே காலுக்குத்தான் உள்ளே. எங்களோடு வருகிறவர்கள் காலைச் சாப்பாட்டை அவிசாவளையிலேயே முடித்துவிட்டு வாருங்கள். கீழே போய் வண்டியின் பிரேக்கைப் பார்க்க வேண்டும், வருகிறேன்.