சின்னத் தொகை, ஆனால் மாதாமாதம்

எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர், கலைஞர்களுக்கு நாம் கொடுக்கும் சிறு நன்கொடையைப் பற்றி ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்று சொல்லி முடித்தார். கைதட்டல் அடங்குவதற்குள் மறுத்துப் பேசுவது மரியாதை இல்லைதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இப்போதுதான் பாட, வரைய, எழுத, படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு வெள்ளத்தால் பெரிய பயன் இல்லை. அது ஒருமுறை வந்து வடிந்துவிடும். அடுத்த மாதமும் இவ்வளவு வரும் என்று கணக்குப் போட முடிந்தால், தொகை சின்னதாக இருந்தாலும் அவர் நிம்மதியாக வேலை செய்வார். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரம் முழுக்க இதற்கான காரணங்கள்.

சிறு நன்கொடை என்றதும் எல்லா மேடையிலும் வரும் கதை ஒன்று உண்டு. 1885. நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையை நிறுத்தப் பீடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பணம் தீர்ந்து வேலை பாதியில் நின்றது. ஜோசப் புலிட்சர் தன் ‘வேர்ல்ட்’ பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார்: எவ்வளவு சின்னத் தொகை கொடுத்தாலும் உங்கள் பெயரை அச்சிடுவேன். மார்ச்சில் தொடங்கியது, ஆகஸ்டில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. கொடுத்தவர்கள் 1,20,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு.

நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் பீடம் கட்டி முடித்தால் வேலை முடிந்தது. கல்லுக்கு அடுத்த மாதம் பசிக்காது.

2009இல் வந்த கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையத்தளமும் ஏறக்குறைய இந்த வகைதான். ஒரு திட்டம், ஒரு இலக்கு, ஒரு கெடு. இலக்கை எட்டினால் பணம் கைக்கு வரும், எட்டாவிட்டால் ஒன்றும் வராது. 2012இல் பாடகி அமண்டா பால்மர் அதில் ஏறக்குறைய 25,000 பேரிடமிருந்து 11 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். அதைப் பார்த்து எத்தனையோ இளைஞர்கள் நம்பிக்கையோடு இறங்கினார்கள். அவருக்குப் பின்னால் பல வருடங்கள் மேடையேறிச் சேர்த்த ரசிகர்கள் இருந்தார்கள் என்பதை அப்போது யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. தொடக்கத்தில் இருப்பவரிடம் இல்லாதது அந்தக் கூட்டம்தானே?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ‘பாட்டைக் கேட்கிறோமே, அதிலேயே அவருக்குப் பணம் போகுமே’ என்று பலர் நினைக்கிறோம். இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பாட்டிஃபை தளம் 2024 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது: முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகை கணக்கில் வராது. 900 முறை கேட்கப்பட்ட பாட்டுக்கு அங்கே மதிப்பு சுழியம். ஆனால் அந்தத் தொள்ளாயிரத்துக்குள், உண்மையிலேயே பிடித்துப்போய்த் திரும்பத் திரும்பக் கேட்ட நாற்பது பேர் இருக்கலாம். அந்த நாற்பது பேரும் மாதம் ஒரு சின்னத் தொகை கொடுத்தால், பாடியவர் தன் ஒலிப்பதிவுக்கூடத்தின் வாடகையைத் தவறாமல் கட்டலாம். அதற்கு அவர் புகழ் பெற்றிருக்கவே வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை வைத்துத்தான் 2013இல் ஜாக் கான்டி என்ற இசைக்கலைஞர், சாம் யாம் என்பவரோடு சேர்ந்து பேட்ரியான் என்ற இணையத்தளத்தைத் தொடங்கினார். மாதாமாதம் கொடுப்பது. சரி, இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சின்னத் தொகைக்கு உள்ள பெரிய எதிரி இதில்தான் தெரிகிறது.

2017 டிசம்பரில் அந்த நிறுவனம் புதிய கட்டணம் ஒன்றை அறிவித்தது. ஒவ்வொரு நன்கொடைக்கும் 2.9 சதவீதமும் கூடவே 35 சென்டும் கொடுப்பவர் தலையில். நூறு டாலர் கொடுப்பவருக்கு இது பெரிதில்லை. கூடுதலாக மூன்றேகால் டாலர். ஒரு டாலர் கொடுப்பவருக்கோ 38 சென்ட். பத்துக் கலைஞர்களுக்கு ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்துவந்த ஒருவர் ஏறக்குறைய 13 டாலர் 80 சென்ட் கட்ட வேண்டும். யார் பரவலாக, சின்னதாகக் கொடுத்தார்களோ அவர்களுக்கே அடி. பலர் விலகினார்கள், கலைஞர்கள் கொதித்தார்கள், ஓரிரு வாரத்துக்குள் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

அந்த 35 சென்ட் போன பிறகும் பிரச்சினை போகவில்லை. சதவீதக் கட்டணம் சின்னத் தொகையை ஒன்றும் செய்யாது. ஒவ்வொரு முறையும் பிடிக்கும் நிலையான கட்டணம்தான் அதைத் தின்னும். அதனால் கொடுப்பதற்கு முன்னால் கலைஞரிடமே கேளுங்கள்: ‘எந்த வழியில் அனுப்பினால் உங்கள் கைக்கு அதிகம் வந்து சேரும்?’ கூச்சப்பட வேண்டாம், அவருக்கு அது நன்றாகத் தெரியும். மாதத் தொகை மிகவும் சின்னதென்றால் மூன்று மாதத்துக்குச் சேர்த்து அனுப்பலாம். இடையில் பணத்தை வைத்திருப்பவர் யார் என்பதையும் பாருங்கள். பிளெட்ஜ்மியூசிக் என்ற தளம் 2019இல் மூழ்கியபோது, ரசிகர்கள் கொடுத்த பணம் பல இசைக்கலைஞர்களுக்கு வந்து சேரவே இல்லை.

எப்படிக் கொடுப்பது என்பதை நமக்குப் பெருஞ்சித்திரனார் எப்போதோ சொல்லிவிட்டார். புறநானூற்றில் 208ஆம் பாட்டு. மலையெல்லாம் கடந்து அதியமானைப் பார்க்கப் போகிறார். அவனோ நேரில் பார்க்காமலே பரிசைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுக்கிறார். என்னைக் காணாமல் தந்த பொருளை வாங்கிப் போக நான் வணிகனில்லை. என் தகுதியை அறிந்து தந்தால் தினையளவு என்றாலும் இனியது என்கிறார். தினையளவு! ஆகவே தொகையோடு ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். ‘அந்த மூன்றாவது ஓவியத்தில் ஜன்னலை ஏன் திறந்தே விட்டீர்கள்?’ என்று கேட்டால் போதும், பார்த்திருக்கிறீர்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

பார்ப்பது வேறு, மேற்பார்வை பார்ப்பது வேறு. மாதம் ஒரு தேநீர்க் காசு கொடுத்துவிட்டு ‘இந்த மாதிரிப் படம் வேண்டாமே’ என்று கடிதம் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே புரவலரை நம்பியிருக்கும் கலைஞர் அந்தக் கடிதத்துக்குப் பயப்பட வேண்டியிருக்கும். நாற்பது பேர் கொடுக்கும்போது ஒருவர் கோபித்துக்கொண்டு போனாலும் கலைஞர் தான் நினைத்ததை வரையலாம். பலர் கொடுப்பதில் எனக்குப் பிடித்த அம்சமே இதுதான்.

உங்களில் ஒருவர் கேள்வி எழுதி அனுப்பிய சீட்டு வந்திருக்கிறது. ‘அரசு செய்ய வேண்டியதை எங்கள் தலையில் கட்டுகிறீர்களே?’ நியாயமான கேள்வி. அயர்லாந்து 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ என்று ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம், எல்லா அரசும் செய்யட்டும். ஆனால் அங்கேயும் தகுதியுள்ளவர்களிலிருந்து குலுக்கல் போட்டுத்தான் எடுத்தார்கள். குலுக்கலில் பெயர் வராதவர்களும் கலைஞர்கள்தானே? அரசிடம் கேட்பதைக் கேட்டுக்கொண்டே நாம் கொடுப்பதையும் கொடுக்கலாம்.

இன்னொரு சீட்டு. ‘எனக்கே கை இறுகினால் என்ன செய்வது?’ நிறுத்திவிடுங்கள். இதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை. இருபது பேருக்குப் பிரித்துக் கொடுத்து மூன்றாம் மாதம் மூச்சு வாங்குவதைவிட, இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் தாக்குப்பிடிக்கிற அளவுக்குக் கொடுங்கள். அப்புறமும் நிறுத்த வேண்டி வந்தால், ஒரு மாதம் முன்னாடியே அவரிடம் சொல்லிவிடுங்கள். வாடகை கட்டுவதற்கு அவர் உங்கள் தொகையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பார்.