அரை மதிப்பெண்

நேயர்களுக்கு வணக்கம். பொறியியல் கலந்தாய்வில் இருவரின் கட்-ஆஃப் (கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைச் சேர்த்துக் கணக்கிடும் தரவரிசை மதிப்பெண்) சமமாக வந்தால், கணிதம், இயற்பியல் என்று பாட மதிப்பெண்களை வரிசையாகப் பார்ப்பார்கள்; அவையும் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்களும் சமமானால் பிறந்த தேதியைப் பார்ப்பார்கள்; தேதியும் ஒன்றாக இருந்தால், கணினி முன்பே ஒதுக்கிவைத்த ரேண்டம் எண்தான் முடிவு செய்யும். விதியை வகுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. மதிப்பெண் பிரித்துக்காட்டாதபோது எதையாவது வைத்துப் பிரிக்கத்தானே வேண்டும்?

பிளஸ் டூ மதிப்பெண் இப்படிப் பலருக்கும் சமமாக வருமளவுக்குப் பெருகியதற்கு விடைத்தாள் திருத்துவோர் வாரி வழங்குவதே காரணம் என்பார்கள். வேதியியல் ஆசிரியனாகத் திருத்தும் முகாம்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்த நான் அதை ஏற்பதில்லை. சமன்பாட்டுக்கு இவ்வளவு, நிபந்தனைக்கு இவ்வளவு என்று விடைக்குறிப்பு பிரித்துச் சொல்லிவிடும்; பாடநூல் வரியை மாணவர் அப்படியே எழுதியிருந்தால் குறைக்க இடமே கிடையாது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா வரும் என்பதைப் புளூபிரிண்ட் காட்டிக்கொடுத்த காலம் அது. 2007இல் நுழைவுத்தேர்வு நீங்கியதும் (பயிற்சி மையத்துக்குப் போக வழியில்லாத கிராமத்துப் பிள்ளைகளை எண்ணி அதை வரவேற்றவன் நான்) பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே கல்லூரி வாசலைத் திறக்கும் சாவியானது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, ஈராண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்த தனியார் பள்ளிகள் தழைத்தன. அதைத் தடுக்கவே 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது.

தாராளம் இருந்த இடம் ஆய்வகம். பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்த நாளில், செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக வேறொரு பள்ளிக்குப் போயிருந்தேன். பர்மாங்கனேட் தரம்பார்த்தலில் (கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்த்து அளவு காணும் சோதனை) ஒரு மாணவன் எழுதிய அளவீடுகள் புள்ளி பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. நீர்த்த கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் என்ன ஆகும் என்று வைவா எனும் வாய்மொழித் தேர்வில் கேட்டேன். "வைவா நோட்ஸில் அது வராது, சார்" என்றான். பர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்ஸிஜனேற்றும், அளவீடு கூடிப்போகும் என்று நானே சொல்லி அனுப்பினேன்.

2 மதிப்பெண் குறைத்திருக்க வேண்டும். வேதியியல் மதிப்பெண்ணில் கால் பங்கே கட்-ஆஃபில் சேரும் என்பதால், குறைத்தால் அதில் அரை மதிப்பெண் போகும். பக்கத்து ஊர் ஆய்வகத்தில் இதே பதிலுக்கு முழு மதிப்பெண் வாங்கியவர்கள் அந்த அரையில் இவனைத் தாண்டிப் போய்விடுவார்கள். பேனாவைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு முழு மதிப்பெண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.